இரத்தசோகையின் வேர் பசி: லூசி வில்ஸின் வாழ்வும் பம்பாய்த் தாய்மார்களும்

கருவுற்ற பெண்களுக்கு நமது ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சிவப்பு மாத்திரை வழங்கப்படுகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கர்ப்ப காலத்தில் 180 நாட்கள், குழந்தை பிறந்தபின் மேலும் 180 நாட்கள் அதை உட்கொள்ள வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. செவிலியர் கொடுக்கிறார், தாய்மார்கள் விழுங்குகிறார்கள். அம்மாத்திரையின் இரண்டாவது பொருள் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதன் வரலாறு பம்பாயின் பரேல் பகுதியில், ஆலைச் சேரிகளிலிருந்து வந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த ஏழைப் பெண்களின் வெளுத்த உடல்களிலிருந்து தொடங்குகிறது. அவ்வுடல்களின் வழியாக அந்த உண்மையைக் கண்டறிந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர்.

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை ஒட்டிய சட்டன் கோல்ட்ஃபீல்டில், வசதியும் கல்வியும் வாய்ந்த குடும்பத்தில் பிறந்தார். செல்ட்டனாம் மகளிர் கல்லூரியிலும், அதன்பின் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியிலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்கள் தாவரவியலும் நிலவியலும். 1911இல் தேர்வுகளை எழுதி முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் பெறக்கூடாது என்பது அப்பல்கலைக்கழகத்தின் அன்றைய விதி. அவ்விதி மாற 1948ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகின் தலைசிறந்த அறிவுக்கூடங்களுள் ஒன்று, பாதி மனிதகுலத்தைப் பிறப்பின் பெயரால் வாசலிலேயே நிறுத்தியிருந்தது. அந்த வாசலில் நின்றவர்களுள் வில்ஸும் ஒருவர்.

அடுத்தடுத்த ஆண்டுகள் அவருக்குத் துயரம் மிகுந்தவை. தந்தையையும் சகோதரியையும் சிறு இடைவெளியில் இழந்தார். 1913இல் தாயுடன் இலங்கைக்குப் பயணமானார். 1914இல் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. கேப் டவுனில் சில காலம் தன்னார்வச் செவிலியராகப் பணிபுரிந்தார். அதன்பின் இங்கிலாந்து திரும்பி, 1915இல் இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். ஆண்களின் மருத்துவப் பள்ளிகள் கதவடைத்திருந்த நாட்களில் பெண்கள் தமக்கெனத் தாமே உருவாக்கிக்கொண்ட பள்ளி அது. 1920இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 32. நோயாளிகளைப் பார்த்துப் பொருளீட்டும் வழியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் வேதியியல் நோய்க்குறியியல் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அங்கிருந்து அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது பேறுகால மரணங்கள் குறித்த ஒரு விசாரணை. இந்தியாவில் நெடுங்காலம் மகளிர் மருத்துவப் பணியாற்றிய டாக்டர் மார்கரெட் பால்ஃபர், பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இத்தனை பேர் இறக்கிறார்கள் என்னும் கேள்வியை எடுத்துக்கொண்டிருந்தார். இறப்புக்கான காரணங்களுள் ஒன்று கடுமையான இரத்தசோகை. அதை ஆராய்வதற்கென்றே 1928இல் லூசி வில்ஸ் பம்பாய் வந்து, பரேலில் இருந்த ஹாஃப்கின் நிறுவனத்தில் தம் பணியைத் தொடங்கினார்.

அந்தப் பரேல் எத்தகைய இடமாக இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஆலைகளின் புகைபோக்கிகளும், ஓர் அறைக்குள் ஒரு குடும்பமோ அதற்கு மேலோ முடங்கிய சால்களும் நிறைந்த பகுதி அது. 1928ஆம் ஆண்டு பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் நீண்ட மாபெரும் வேலைநிறுத்தத்தை நடத்தினர். பெண்கள் பெரும்பாலும் நூல் சுற்றும் பிரிவுகளில் குறைந்த கூலிக்கு உழைத்தனர். தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு, கூலி அதிகமான நெசவுப் பிரிவில் இடமில்லை. நெசவில் அறுந்த நூலை நாடாவுக்குள் வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அவர்கள் வாய் பட்டால் தீட்டு என்று சக தொழிலாளர்களே அவர்களை விலக்கினர். இந்த அநீதியைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் எழுப்பியவர் அண்ணல் அம்பேத்கர். அவருடைய அமைப்பின் அலுவலகம் அதே பரேலின் தாமோதர் மண்டபத்தில்தான் இயங்கியது.

அதே 1928ஆம் ஆண்டு ஜூலையில், பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். குழந்தை பிறப்பதற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தேவை, அது நாட்டின் நலன் சார்ந்த விஷயம், ஆகவே அச்செலவில் அரசுக்கும் பொறுப்புண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். 1929இல் அது சட்டமாயிற்று. சட்டமன்றத்தில் ஒருவர் தாயின் ஓய்வுக்காக வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், அதே நகரின் ஆய்வகத்தில் மற்றொருவர் தாயின் இரத்தத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள்.

வில்ஸ் கண்ட நோய் புதியதன்று. கர்ப்பத்தின் இறுதி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பின்னரும் பெண்கள் இரத்தம் வற்றி வெளுத்து இறப்பதை 1842இலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் வால்டர் சான்னிங் பதிவு செய்திருந்தார். 1919இல் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லரும் இதைப் பற்றி எழுதினார். நோயைக் கண்டார்கள், காரணத்தைக் காணவில்லை. கருவிலிருந்து சுரக்கும் நச்சு என்று சிலர் கருதினர். கிருமித் தொற்று என்றனர் வேறு சிலர். வெப்பமண்டலத்தில் இது மிகுதியாகக் காணப்பட்டதால் பழியைத் தட்பவெப்பத்தின் மீது போடுவதும் எளிதாக இருந்தது.

வில்ஸின் அணுகுமுறை வேறுவிதமானது. அவர் தொற்றுக்கான வாய்ப்புகளைச் சோதித்தார். அவற்றால் நோயை விளக்க முடியவில்லை. பிறகு அப்பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். பம்பாயின் பல்வேறு வகுப்பினர், சமயத்தினர் வீடுகளின் உணவையும் அவர்களிடையே காணப்பட்ட இரத்தசோகையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். உணவு எங்கே மிகவும் குறைபட்டதோ, அங்கேதான் நோயும் மிகுந்திருந்தது. அவ்வரிசையில் கடைசியில் நின்றவர்கள் ஏழை இசுலாமியப் பெண்கள். கீரை, பழம், பால், இறைச்சி ஆகியவை அவர்கள் உணவில் அரிது. வசதியான வீட்டுப் பெண்களிடம் இந்நோய் அந்த அளவில் இல்லை. கரு எல்லோருக்கும் ஒன்றுபோலவே வளர்கிறது. பம்பாயின் வெயில் பணக்காரர்மீதும் காய்கிறது. வேறுபட்டது உணவு, உணவை வேறுபடுத்தியது வருமானம்.

நுண்ணோக்கி மற்றொரு செய்தியைச் சொன்னது. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப் போகும். இப்பெண்களின் சிவப்பணுக்களோ எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. பார்வைக்கு இது அக்காலத்தில் கொடிய இரத்தசோகை என்று அழைக்கப்பட்ட மற்றொரு நோயை ஒத்திருந்தது. அந்நோய்க்கு 1926இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் ஒரு சிகிச்சையைக் கண்டறிந்திருந்தனர்: நாள்தோறும் ஈரலை உண்ணச் செய்வது. 1934இல் அவர்கள் நோபல் பரிசும் பெற்றனர். ஆனால் அந்நோயாளிகளின் வயிற்றில் அமிலம் சுரப்பதில்லை. வில்ஸ் சோதித்த பம்பாய்ப் பெண்களின் வயிற்றில் அமிலம் சுரந்தது. ஆகவே இது வேறொரு நோய் என்பதை அவர் உணர்ந்தார்.

1929இல் வில்ஸ் தம் ஆய்வைக் குன்னூருக்கு மாற்றினார். அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் ஊட்டச்சத்து ஆய்வு நடந்துவந்தது. பம்பாயின் ஏழை இசுலாமியப் பெண்கள் உண்ட அதே உணவை வில்ஸ் வெள்ளெலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கு இரத்தசோகை வந்தது. சினையுற்ற எலிகள் ஈனுவதற்கு முன்பே இறந்தன. உணவுடன் ஈஸ்ட் சேர்த்தபோது எலிகள் தப்பின. ஆனால் எலிகளின் மீதிருந்த பேன்கள் வழியே ஒரு தொற்று பரவியிருந்தது பின்னர் தெரியவந்தது. இரத்தசோகைக்கு அத்தொற்றும் காரணமாக இருந்திருக்கலாம் என்பதால் அம்முடிவை மட்டும் நம்ப அவர் துணியவில்லை. ஆய்வைக் குரங்குகளிடம் மீண்டும் நடத்தினார். குரங்குகளிலும் குறைபட்ட உணவு நோயை உண்டாக்கியது. ஈஸ்ட் சாறு அதைத் தீர்த்தது. தமக்குச் சாதகமாக வந்த முடிவையே ஐயுற்று மறுபடி சோதிக்கும் இந்த நேர்மை, அறிவியல் பயிலும் மாணவர்கள் அவரிடம் கற்கவேண்டிய முதற்பாடம்.

அடுத்து மருத்துவமனைப் படுக்கைகள். ஈரல் இந்நோயையும் குணப்படுத்தியது. ஆனால் ஈரல் சாறு விலை மிகுந்தது. ஏழைப் பெண்களுக்கு அதை எழுதிக் கொடுப்பது கைக்கெட்டாத மருந்தைச் சொல்வதாகும். ஈஸ்ட் சாறு மலிவானது. இங்கிலாந்தில் 1902 முதல் மதுவடிப்பில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து தயாரிக்கப்பட்டு, ரொட்டியில் தடவி உண்ணப்பட்டுவந்த மார்மைட் என்னும் கரிய விழுதே அதற்குப் போதுமானதாக இருந்தது. பம்பாயின் நோயாளிகளுக்கு வில்ஸ் அதைக் கொடுத்தார். சில நாட்களிலேயே இரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. உணவில் சுவையற்றுச் சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து அமர்ந்தனர். 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளிவந்தன. ஈஸ்டிலும் ஈரலிலும் உள்ள ஏதோவொரு சத்து இந்நோயைத் தீர்க்கிறது என்று அவர் காட்டினார். அது என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் அது வில்ஸ் காரணி என்றே வழங்கப்பட்டது.

1931இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில் ஒரு மருத்துவமனையில் பணியாற்றினார். அதன் அன்றைய பெயரை இவ்வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும் ஒருவர் கடந்துபோக முடியாது. சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான மருத்துவமனை என்பதே அப்பெயர். 1885இல் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை, பொது மருத்துவமனைகளில் பிறருடன் கலந்து சிகிச்சை பெற மறுத்த சாதி இந்துப் பெண்களுக்காகவும், பர்தா முறையைக் கடைப்பிடித்த இசுலாமியப் பெண்களுக்காகவும் அமைந்தது. அக்காலத்து ஆங்கில ஆட்சியின் வழக்கில் சாதி உடையோர் என்ற சொல், சாதிக்கு வெளியே தள்ளப்பட்டோரைத் தவிர்த்த மற்றவர்களைக் குறித்தது. ஒரு சமூகம் தன் பிரசவ வார்டின் பெயர்ப்பலகையிலேயே யாருடைய நோவு யாருடைய அருகில் இருக்கக்கூடாது என்று எழுதிவைத்திருந்தது. அது இன்று திருவல்லிக்கேணியின் அரசு கஸ்தூரிபா காந்தி மகப்பேறு மருத்துவமனை. எல்லோருக்குமாகத் திறந்திருக்கிறது. ஆயினும் சென்னைவாசிகள் பலர் இன்றும் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கிறார்கள். பெயரின் பாதி மக்கள் நாவில் தங்கிவிட்டது. மறுபாதியை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1933இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்குத் திரும்பிய வில்ஸ், 1937இன் இறுதியில் பத்து வாரங்களுக்கு மீண்டும் பம்பாய் வந்தார். இம்முறை அவரிடம் இருந்த கேள்வி கூர்மையானது. கொடிய இரத்தசோகையைத் தீர்க்க, நன்கு சுத்திகரிக்கப்பட்ட ஈரல் சாறு அப்போது கிடைத்தது. பம்பாய்ப் பெண்களுக்கு அச்சாறு பயன் தரவில்லை. சுத்திகரிக்காத சாறோ பயன் தந்தது. சுத்திகரிப்பில் வெளியேற்றப்பட்ட பகுதியில்தான் அவர்களைக் காக்கும் சத்து இருந்தது என்பது இதனால் உறுதியாயிற்று. இரண்டும் இருவேறு நோய்கள், இருவேறு சத்துக்கள். சுத்திகரித்த சாற்றில் இருந்தது பின்னாளில் வைட்டமின் பி12 என்று அறியப்பட்டது.

வில்ஸ் காரணிக்குப் பெயர் கிடைக்க 1941 வரை ஆயிற்று. அமெரிக்க ஆய்வாளர்கள் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் லெடர்லி ஆய்வகத்தில் அது செயற்கையாக உருவாக்கப்பட்டது. அவ்வாய்வை வழிநடத்தியவர் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். பரேலின் படுக்கைகளில் தொடங்கிய தேடல் இவ்வாறு ஒரு மாத்திரையாக முடிந்தது.

பிரசவத்தை ஒட்டி இந்நோய் ஏன் முற்றுகிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. புதிய உயிரணுக்கள் தோன்ற ஃபோலேட் இன்றியமையாதது. வளரும் கரு அதைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் வழியே அது தொடர்ந்து செல்கிறது. உடலில் இச்சத்தின் சேமிப்பு சில மாதங்களுக்கே போதும். நீண்ட நேரம் கொதிக்கவைக்கும்போது உணவிலுள்ள ஃபோலேட்டும் பெருமளவு அழிகிறது. கீரையும் பயறும் ஈரலும் போதிய அளவில் உண்ணும் தாய் இழப்பை ஈடுசெய்துகொள்கிறாள். அரைவயிற்றுணவில் உழைப்பவளுக்குச் சேமிப்பு ஏற்கெனவே காலி. அந்நிலையில் பிரசவத்தில் ஏற்படும் சாதாரண இரத்தப்போக்கே அவள் இதயத்தைத் திணறவைக்கப் போதுமானது. குழந்தை பிறந்துவிட்டது, ஆபத்து நீங்கியது என்று வீட்டார் நினைக்கும் நாட்களில்தான் அவள் இறக்கிறாள்.

சாதியச் சமூகம் இழிவென்று ஒதுக்கிய உணவுகளுள் ஈரலும் ஒன்று. இயற்கையில் ஃபோலேட் மிக அதிகமாக உள்ள உணவுகளின் பட்டியலில் அது முன்வரிசையில் நிற்கிறது. ஊட்டச்சத்து அறிவியலுக்குத் தூய உணவும் தெரியாது, தீட்டு உணவும் தெரியாது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் எந்த உணவு பரிமாறப்படலாம் என்று புனிதத்தின் பெயரால் முடிவெடுக்கும் அரசுகளிடம் இதை நாம் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வில்ஸ் அவசர மருத்துவச் சேவையில் நோய்க்குறியியலாளராக முழுநேரம் பணியாற்றினார். 1944 ஜூலையில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை மீது ஜெர்மனியின் பறக்கும் குண்டு நேரடியாக விழுந்து பலர் இறந்தனர். சில நாட்களில் ஆய்வகம் மீண்டும் இயங்கியது. அம்மருத்துவமனையின் முதல் இரத்தவியல் துறையை நிறுவியவர் அவரே. 1947இல் ஓய்வு பெற்றபின்னும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று பயணம் செய்து, ஏழைகளின் உணவையும் இரத்தசோகையையும் ஆராய்ந்தார். வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் இலண்டனின் செல்சி பகுதியில் தொழிற்கட்சியின் சார்பில் நகர்மன்ற உறுப்பினராக இருந்தார். மலையேற்றத்தில் நாட்டம் கொண்டவர், பிற மருத்துவர்கள் காரில் வந்தபோது மிதிவண்டியில் வேலைக்கு வந்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர். 1964 ஏப்ரல் 16ஆம் நாள், 75ஆம் வயதில் மறைந்தார். கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகளைப் பெருமளவு தடுக்கலாம் என்பதை 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக்குழு நிறுவியபோது அவர் உயிருடன் இல்லை.

லூசி வில்ஸைப் போற்றும்போது ஒன்றை மறக்கலாகாது. அவர் காலனிய ஆட்சியின் நிழலில் வந்தவர். நாட்டை ஏழ்மையில் வைத்திருந்த ஆட்சியே அந்த ஏழ்மை உண்டாக்கிய நோயை ஆராயவும் ஏற்பாடு செய்தது. சத்துக்கு ஆய்வாளரின் பெயர் சூட்டப்பட்டது. தம் இரத்தத்தைத் தந்து அதை மெய்ப்பித்த பெண்கள் ஆய்வுக் கட்டுரைகளில் நோயாளிகளாக மட்டுமே நின்றனர். ஃபோலிக் அமிலத்தின் வரலாறு அவர்களுடைய வரலாறும்கூட. ஆயினும், நோயாளியின் இனத்தையும் பழக்கவழக்கத்தையும் குறைசொல்வது எளிதாக இருந்த ஒரு காலத்தில், அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் வில்ஸ். விலை மிகுந்த மருந்து கையிலிருக்கும்போது, ஏழைக்கு எட்டும் மருந்தைத் தேடியவர். அவர் பெருமை அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் 1970இல் இரும்பும் ஃபோலிக் அமிலமும் வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையுடன் இருப்பதாகக் கூறுகிறது. கருவுற்ற பெண்களில் இது 52 விழுக்காடு. மாத்திரை தேவை; அதை ஒவ்வொரு தாய்க்கும் பிரசவத்துக்குப் பின்னும் தவறாமல் கொண்டுசேர்க்க வேண்டும். ஆனால் மாத்திரையைக் கண்டறியக் காரணமான ஆய்வே, நோயின் வேர் பசியிலும் கூலியிலும் இருப்பதைக் காட்டிவிட்டது. 1929இல் பம்பாய் ஆலைப் பெண்களுக்குக் கிடைத்த மகப்பேறு உதவி, 1961இன் மத்தியச் சட்டத்துக்குப் பின்னும் வயலிலும் செங்கல் சூளையிலும் தூய்மைப் பணியிலும் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஊதியத்துடன் கூடிய ஓய்வாக இன்னும் வந்துசேரவில்லை. அவர்களில் மிகப்பலர் தலித் பெண்கள்.

பிரசவமான பத்தாம் நாளே கூலி வேலைக்குத் திரும்பும் ஒரு தாயை நம் ஊரில் காணும்போது, மாத்திரை சாப்பிட்டாயா அம்மா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. என்ன சாப்பிட்டாய், ஏன் இத்தனை விரைவில் வேலைக்கு வந்தாய் என்றும் கேட்க வேண்டும். அந்த விடைகளைத் திரட்டி, ஊராட்சியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் சட்டமன்றத்திடமும் கொண்டுசெல்ல வேண்டும். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் பரேலில் ஆய்வகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தொடங்கிய வேலை அது. இன்னும் முடியவில்லை.